முட்டுக்கட்டை: தேர் முதல் கேரவன் வரை

2018 டிசம்பரில் திருவண்ணாமலை மாவட்டத்துக் கொரக்கோட்டையிலிருந்து ஒரு பெரும்பாறை பெங்களூரு நோக்கிப் புறப்பட்டது. ஈஜிபுரத்தில் உள்ள கோதண்டராமசுவாமி கோயிலுக்காகத் திட்டமிடப்பட்ட விசுவரூபத் திருமால் சிலைக்குரிய ஒற்றைக்கல் அது. எடை 300 டன்னுக்கு மேல். அதைச் சுமந்த வண்டிக்கு 240 சக்கரங்கள். மாட்டுவண்டி ஒன்று இரண்டு வாரத்தில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்கு அது ஏறத்தாழ அரையாண்டு எடுத்துக்கொண்டது. செஞ்சியில் கடைகளும் வீடுகளும் இடிபட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலம் பாரத்தைத் தாங்குமா என்ற ஐயம் எழுந்து, ஆற்றுக்குள்ளேயே மண்பாதை போடப்பட்டது. வழிநெடுக டயர்கள் வெடித்தன. 2019-இன் நடுப்பகுதியில்தான் பாறை பெங்களூருக்குள் நுழைந்தது.

அன்றைய செய்திகள் சிலையின் உயரத்தையும், இடிபட்ட கடைகளையும், வழியில் கூடிய கூட்டத்தையும் விரிவாகப் பேசின. வெடித்த டயரை எப்படி மாற்றினார்கள் என்று கேட்டவர் அரிது. சாலையோரம் நிற்கும் காருக்கு ஒரு ஜாக்கி போதும். பாரத்தை மட்டும் பகிர்ந்து பார்த்தாலும் டயர் ஒன்றுக்கு ஒன்றேகால் டன்னுக்குக் குறையாத இந்த வண்டியில் ஜாக்கியை எங்கே வைப்பது? வைத்தாலும், அதன் சிறிய அடித்தட்டு ஊன்றி நிற்கும் தார்ச்சாலை அந்த அழுத்தத்தைப் பொறுக்குமா?

இவ்வகைப் பெருவண்டிகளில் விடை வண்டியின் உடலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஒவ்வோர் அச்சும் தனித்தனி எண்ணெய் உருளையோடு பொருத்தப்பட்டிருக்கும். உருளைகள் குழாய்களால் பிணைக்கப்பட்டிருப்பதால், மேடுபள்ளங்களில் பாரம் ஓர் அச்சின்மேல் மட்டும் விழாமல் எல்லாவற்றுக்கும் பங்கிடப்படும். டயர் பழுதானால் அந்த அச்சின் வால்வை மட்டும் மூடி உருளையை உள்ளிழுக்கலாம்; சக்கரம் தரையை விட்டு எழும், அதன் பங்குப் பாரத்தை அண்டை அச்சுகள் ஏற்றுக்கொள்ளும். இங்கே தூக்கப்படுவது வண்டியன்று, சக்கரம். பாரம் இருந்த உயரத்திலேயே இருக்கிறது. அதன் கீழே எஞ்சிய சக்கரங்கள் கட்டைகள்போல் நிற்கின்றன.

பாரத்தை அசைக்காமல் சக்கரத்தை விடுவிக்கும் இவ்வசதி வாய்ப்பதற்கு முன், வண்டிச் சக்கரத்தைப் பேணும் வேலை எப்போதும் இரண்டு தனித் தொழில்களாகவே இருந்துவந்தது. ஒன்று பாரத்தைத் தூக்குதல். மற்றொன்று தூக்கியதைத் தாங்குதல். முதலாவதற்கு விரிவான வரலாறு உண்டு: நெம்புகோல், திருகு, எண்ணெய் அழுத்தம் எனக் கண்டுபிடிப்பாளர் பெயர்களோடும் காப்புரிமை ஆண்டுகளோடும் அது எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதற்கு அப்படி எதுவும் இல்லை. தமிழில் அதன் பெயரே பழிச்சொல்லாகிவிட்டது. ஒருவர் நல்ல காரியத்தைத் தடுத்தால் அவர் ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்கிறோம். அந்தச் சொல்லின் பிறந்த வீடாகிய தேர்வீதியில் அதன் பொருள் நேர்மாறானது.

தேருக்கு முன்னே வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். இழுக்கத் தொடங்கிய தேரை நிறுத்த வடத்தால் இயலாது. கயிறு இழுக்குமேயன்றித் தள்ளாது. பின்சக்கரத்தின் கீழே தடியைச் செலுத்தி நெம்பி முதல் அசைவைத் தருவோர் ஒரு பிரிவினர். முன்சக்கரத்தின் கீழே ஆப்பு வடிவக் கட்டையைப் போட்டு வேகத்தை அடக்குவோரும் திசையைத் திருப்புவோரும் மற்றொரு பிரிவினர். சக்கரம் கட்டையின்மேல் ஏறித் தயங்கும் அந்த நொடியில்தான் தேர் நிற்கிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டால் தேர் அப்பக்கம் திரும்புகிறது. சுக்கான், நிறுத்தி இரண்டும் இந்த ஒரே மரத்துண்டுதான். திருக்குறள் அச்சாணியைப் புகழ்ந்ததால் அச்சாணி பெருமை பெற்றது. முட்டுக்கட்டைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

திருவாரூர் ஆழித்தேர் இதற்குத் தக்க சான்று. அலங்கரிக்கப்பட்ட நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் அத்தேர், 1926-இல் தீக்கிரையாகி, புதிதாகச் செய்யப்பட்டு 1930-இல் ஓடியது. 1948-க்குப் பின் நின்றுபோய், 1970-இல் மீண்டும் வீதிக்கு வந்தது. பின்னர் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சுகளையும் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் அமைத்துக்கொடுத்தது. அதாவது பாரம் சுமக்கும் உறுப்புகளும் நிறுத்தும் உறுப்பும் இருபதாம் நூற்றாண்டின் கனரகப் பொறியியலுக்குள் வந்துவிட்டன. அதன் பிறகும் தேரோட்டத்தன்று முட்டுக்கட்டைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்படுகின்றன. தெருமுனைகளில் மசகு தடவிய இரும்புத் தகடுகளின்மேல் சக்கரங்களை வழுக்கவிட்டுத் தேரைத் திருப்பும் முறையும் தொடர்கிறது. பிரேக் வந்ததால் கட்டை வேலை இழக்கவில்லை. எண்ணெய் கசிந்தால் பிரேக் இல்லை. கட்டையில் கசிவதற்கு எதுவும் இல்லை.

கட்டை போடுவோரின் ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உருளும் சக்கரத்துக்கு ஓரடித் தொலைவில் குனிந்து, கையால் கட்டையைத் தள்ளி, விலகும் பணி அது. 2022 ஏப்ரலில் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருச்செங்காட்டங்குடியில் முட்டுக்கட்டை போட்ட இளைஞர் ஒருவர் தேர்ச்சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னர் நிகழ்ந்த தஞ்சைக் களிமேட்டுத் தேர் விபத்தின் பேரதிர்ச்சியில், இந்த ஒற்றை மரணம் நினைவிலிருந்து விரைவில் நழுவிவிட்டது.

தேரை விட்டு மாட்டுவண்டிக்கு வந்தால் அதே இரண்டு தொழில்களும் ஓர் உழவர் வீட்டு அளவில் நடந்தன. அச்சும் குடமும் உரசும் இடத்தில் மசகு இட்டாக வேண்டும். அதற்கு வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்த வண்டிமை மூங்கில் குழாயில் அடைக்கப்பட்டு வண்டியோடு தொங்கும். சக்கரத்தைக் கழற்றும் முறை எளிது: மாடுகளை அவிழ்த்து, மறுபக்கச் சக்கரத்துக்கு இருபுறமும் கல் அடைத்து, இந்தப் பக்க அச்சைத் தோளாலோ நெம்புகோலாலோ உயர்த்தி, அதன் கீழே கட்டையை நிறுத்தி, பிறகுதான் கடையாணியைப் பிடுங்குவார்கள். வரிசை மாறாது. தோள்கொடுத்தவர் அதே தோளில் பாரத்தை வைத்துக்கொண்டே மசகு இடுவதில்லை. மனிதத் தோள் சோர்ந்துவிடும் என்பது கண்கூடு என்பதால், தூக்கியவுடன் கட்டைக்கு மாற்றுவது இயல்பாகவே வழக்கமாயிற்று. சோராததுபோல் தோன்றும் கருவி கைக்கு வந்தபோதுதான் இந்த வழக்கம் தளர்ந்தது.

அக்கருவியின் வரலாறு மேற்கில் தொடங்குகிறது. 1795-இல் ஜோசப் பிராமா லண்டனில் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் நியூயார்க்கின் ரிச்சர்டு டட்ஜன் அதைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கியாக்கினார். 1858 ஜனவரியில் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலைத் தேம்ஸ் நதிக்குள் தள்ளியதில் பர்மிங்காமின் டாங்கி சகோதரர்களின் ஜாக்கிகளுக்குப் பங்கு இருந்தது. அந்நிறுவனத்தின் புகழ் அதிலிருந்தே தொடங்கிற்று. இருபது ஆண்டுக்குப் பின், எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட ‘கிளியோபாட்ராவின் ஊசி’ என்னும் ஒற்றைக்கல் தூணை லண்டனில் உயர்த்தியதும் அவர்களுடைய ஜாக்கிகளே. ஆனால் அத்தூண் ஒரே மூச்சில் மேலே போகவில்லை. ஜாக்கி சிறிது தூக்க, அடியில் மரக்கட்டைகளை அடுக்க, ஜாக்கியை எடுத்து உயர்த்தி வைக்க, மீண்டும் சிறிது தூக்க என்றுதான் அது எழுந்தது. விளம்பரத்தில் இடம்பெற்றவை ஜாக்கிகள். தூண் இரவெல்லாம் படுத்திருந்தது மரத்தின்மேல்.

இதைவிட வியப்பான நிகழ்வு 1860-இல் சிகாகோவில் நடந்தது. சதுப்பில் அமிழ்ந்துகொண்டிருந்த அந்நகரின் லேக் தெருவில், வரிசையாக நின்ற செங்கல் கட்டடத் தொகுதியொன்றை ஏறத்தாழ 600 பேர் 6,000 திருகு ஜாக்கிகளால் நான்கு அடிக்கு மேல் உயர்த்தினர். கடைகள் மூடப்படவில்லை, மேலே வணிகம் நடக்கக் கீழே திருகுகள் சுழன்றன. ஒருவர் பொறுப்பில் பல ஜாக்கிகள். குறிப்பொலி கேட்டதும் எல்லாரும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒரு மூலை மட்டும் முந்தினால் சுவர் விரிசல் காணும். கட்டடம் உயர உயரக் கீழே புதிய அடித்தளம் கட்டப்பட்டது. இப்பணியை ஏற்றவர்களுள் ஒருவரான ஜார்ஜ் புல்மன்தான் பின்னாளில் ரயிலில் படுக்கைவசதிப் பெட்டிகளைச் செய்து உலகப்புகழ் பெற்றவர். வீடுகளைத் தரையிலிருந்து தூக்கிய அதே மனிதர் வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றியதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

மோட்டார் வண்டி வந்தபோது சக்கரப் பழுது நாள்தோறும் நேரும் சங்கடமாயிற்று. தொடக்கக் கால கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. ஆணி ஏறினால் அங்கேயே டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள், பழுதான சக்கரத்தின் பக்கத்தில் பொருத்திக்கொள்ளும் உதவிச்சக்கரத்தைச் செய்து விற்றனர். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. பிரிட்டனில் அச்சொல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் இன்றும் மாற்றுச் சக்கரத்துக்கு அதுவே பெயர். சக்கரத்தோடு ஜாக்கியும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குடியேறியது. கட்டை குடியேறவில்லை. தொழிற்சாலை தரும் கருவிப் பையில் ஜாக்கி, கைப்பிடி, திறவுகோல் ஆகியவை இருக்கும். இரண்டு மர ஆப்புகள் இருப்பது அரிது. ஆபத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

ஜாக்கி விழுவதற்கு அதன் வலுக்குறைவு காரணமாவது சில வேளைகளில்தான். திருகு ஜாக்கியின் மறைகள் சாய்வு குறைந்தவை என்பதால் உராய்வே அதைத் தானாக இறங்காமல் தடுக்கும். ஹைட்ராலிக் ஜாக்கி ஒரு சிறு ரப்பர் வளையத்தையும் ஒரு வால்வையும் நம்பி நிற்கிறது. வளையம் தேய்ந்தால் மெல்ல இறங்கும், சிதைந்தால் ஒரே நொடியில் இறங்கும். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான பகை பக்கவாட்டு விசை. மேல்நோக்கிப் பத்து டன்னைத் தாங்கும் உருளை, பக்கத்திலிருந்து வரும் சிறு தள்ளலுக்குச் சாய்ந்துவிடும். வண்டி ஓரங்குலம் உருண்டால் போதும்.

வண்டி உருளாது, கைப்பிரேக் போட்டாயிற்று என்ற நம்பிக்கை பலரைக் காவு வாங்கியிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் நிறுத்தப் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தால் பிரேக் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்சக்கரங்கள் தடையின்றி உருளும். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் நிலைமை இன்னும் நுட்பமானது. அதன் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை; கியர்ப்பெட்டியை அடுத்துப் பின்னச்சுக்குச் செல்லும் தண்டில் இருந்தது. இவ்வமைப்பில் ஒரே ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலும் போதும்: அச்சின் நடுவில் உள்ள பல்லிணைப்பு, தூக்கிய சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழலவிட்டுத் தரையில் உள்ள சக்கரத்தை முன்னோக்கி உருளவிடும். தண்டு அசையாமலே வண்டி நகர்ந்துவிடும். அறிவுள்ள ஓட்டுநர், கைப்பிரேக்கை இழுத்தபின்னும் இறங்கிப் போய்க் கல் தேடியது இதனால்தான்.

கல் தேடுவதும் கட்டை போடுவதும் லாரித் தொழிலில் கிளீனரின் கடமை. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயில் பாரலாரி திணறி நிற்கும்போது, கையில் கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு ஓடுபவர் அவரே. பெங்களூரையும் தமிழ்நாட்டையும் இணைக்கும் சரக்குப் போக்குவரத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கட்டையின்மேல் நடந்திருக்கிறது என்றால் மிகையன்று. அதே மரபுக்கு ஒரு கெட்ட வாலும் உண்டு: டயர் மாற்றி முடித்தபின் சக்கரத்துக்கு அடைத்த கல்லையும், எச்சரிக்கைக்குப் போட்ட மரக்கிளையையும் அப்படியே சாலையில் விட்டுப் போவது. ஓர் உயிரைக் காத்த கல், அன்றிரவே இருசக்கர வண்டியில் வரும் இன்னொருவருக்கு எமனாகும்.

பெங்களூரு இக்கலையின் மறுமுனையையும் அறிந்த நகரம். ஹிந்துஸ்தான் விமான நிறுவனம் 1940-களின் பிற்பகுதியிலிருந்து இங்கே ரயில்பெட்டிகளைக் கட்டிற்று. 1964-இல் தோன்றிய பெமல் அப்பணியைத் தொடர்ந்தது. எலகங்காவில் 1984 முதல் ரயில்வேயின் சக்கர, அச்சுத் தொழிற்சாலை இயங்கிவருகிறது. ரயில்பெட்டியின் சக்கரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கு மூலைகளிலும் ஜாக்கிகள் ஒரே வேகத்தில் ஏற, பெட்டியின் உடல் எழும். சக்கரத் தொகுதிகள் உருட்டி வெளியே எடுக்கப்படும். பின்னர் உடல் இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கப்படும். மாட்டுவண்டிக்காரரின் தோளும் கட்டையும் என்ற பழைய வரிசை பணிமனையில் சட்டமாகி நிற்பதை இங்கே காணலாம்.

அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் இதைவிட அரிய காட்சியொன்றைக் கண்டது. பெங்களூரு–மைசூரு ரயில்பாதையை இருவழியாக்கும் பணிக்குத் திப்பு சுல்தான் காலத்து ஆயுதக்கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. இடிப்பதற்கு மாறாக, அதைப் பெயர்த்து நகர்த்த முடிவாயிற்று. ஏறத்தாழ 1,000 டன் எடையுள்ள அந்தச் செங்கல்–சுண்ணாம்புக் கட்டடம், அடியில் இரும்பு உத்திரங்கள் செலுத்தப்பட்டு, ஜாக்கிகளால் உயர்த்தப்பட்டு, 2017-இல் 100 மீட்டருக்கும் கூடுதலான தொலைவுக்கு முழுதாக நகர்த்தப்பட்டது. பழஞ்சுவருக்கு இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் மிகக்குறைவு. ஒரு மூலை விரலளவு தாழ்ந்தாலும் பிளந்துவிடும். ஆகவே சிகாகோவில் குறிப்பொலிக்குச் செவிசாய்த்த 600 பேரின் வேலை இங்கும் நடந்தாக வேண்டியிருந்தது. அதைச் செய்தவை மனிதக் கைகள் அல்ல, கருவிகள் என்பதுதான் வேறுபாடு.

இனி, நடமாடும் வீட்டுக்கு வரலாம். தமிழர்க்குக் ‘கேரவன்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி. உல்லாசப் பயணத்துக்குரிய கேரவன் தென்னகத்தில் பரவலானது அண்மையில்தான். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. ஒரகடத்தில் லாரி செய்யும் நிறுவனம் பேருந்துச் சட்டகத்தின்மேல் அதற்கான வண்டியைக் கட்டியது. பெங்களூரிலிருந்து ஹம்பிக்கும் குடகுக்கும் சிக்கமகளூருக்கும் கேரவனை வாடகைக்கு எடுத்துச் செல்லும் வழக்கமும் இப்போது உண்டு. வெளித்தோற்றத்தில் வீடு, சக்கரத்தின் கணக்கில் அது பாரலாரியின் உடன்பிறப்பு. காரில் டயர் மாற்றிய பழக்கத்தோடு இதன் அடியில் குனிபவருக்குத்தான் ஆபத்து.

முதல் மயக்கம் அதன் நான்கு மூலைக்கால்களால் வருகிறது. முகாமிட்ட இடத்தில் வண்டி ஆடாமல் இருக்கவும் தரை மட்டமாக இருக்கவும் பல கேரவன்களில் இறங்கும் கால்கள் உண்டு. பொத்தானை அழுத்தினால் வண்டி எழுவதைப் பார்ப்பவர், சக்கரத்தைக் கழற்றவும் இதுவே போதும் எனக் கருதுவது இயல்பு. அவை அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சக்கரம் தரையில் பாரம் சுமக்கும்போது ஆட்டத்தை மட்டும் அடக்குபவை. அடுத்தது, ஜாக்கியை ஊன்றும் இடம். சட்டகத்தின்மேல் கட்டப்பட்ட தரை வெறும் பலகை. அதில் ஊன்றினால் ஜாக்கி வீட்டுக்குள் வந்துவிடும். அச்சோ, சட்டகத்தில் தயாரிப்பாளர் குறித்த இடமோதான் பாரத்தை ஏற்கும். எடையும் நிலையானதன்று: தொட்டியில் 200 லிட்டர் நீர் இருந்தால் 200 கிலோ கூடுகிறது, வண்டி சாயும்போது அந்த நீரும் சாயும் பக்கத்துக்கே ஓடும். காற்றுத் தாங்கிகள் பொருத்திய வண்டியில் காற்று இறங்கினால் உடல் திடீரெனத் தாழும். உள்ளே எவரும் இருக்கலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மழைநாளில் பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டு டயர் மாற்றும் குடும்பங்கள் உண்டு.

மழை என்றதும் பெங்களூரின் செம்மண் நினைவுக்கு வருகிறது. காய்ந்தபோது ஓடுபோல் இறுகும் அம்மண், இரண்டு மழைக்குப் பின் ஜாக்கியின் உள்ளங்கையளவு அடித்தட்டை விழுங்கிவிடும். அகன்ற தடித்த பலகையொன்றை அடியில் இடுவதே பரிகாரம். கோடை நண்பகலில் இளகும் தாருக்கும் அதே பலகைதான். வரிசையோ மாட்டுவண்டிக்காரருடையது: சமதரையில் நிறுத்துதல், எழும்பாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அடைத்தல், சக்கரம் தரையில் இருக்கும்போதே மரைகளைச் சற்றுத் தளர்த்துதல், ஏனெனில் தூக்கிய பின் திறவுகோலை உதைத்தால் அந்த உதையே பக்கவாட்டு விசை, தேவையான அளவுக்கு மட்டும் தூக்குதல், தாங்கியை நிறுத்தி, ஜாக்கியை இறக்கிப் பாரத்தை அதன்மேல் அமர்த்துதல், அதன் பிறகே சக்கரத்தில் கைவைத்தல். பாரத்தைச் சுமக்காமல் பக்கத்தில் சும்மா நிற்கும் தாங்கி ஓர் அலங்காரப் பொருள்.

பாரவண்டிச் சக்கரத்தில் காரில் இல்லாத இன்னொரு கூற்றுவனும் உண்டு. பல துண்டுகளாகப் பிரியும் பழைய விளிம்புகளில் டயரை ஓர் இரும்பு வளையம் பூட்டி வைத்திருக்கும். காற்றை முழுதும் இறக்காமல் அதைத் தொட்டாலோ, சரியாக அமராத வளையத்தோடு காற்றடித்தாலோ, வளையம் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். கலாசிப்பாளையத்துப் பேருந்துகளையும் லாரிகளையும் நம்பி வாழும் பஞ்சர்க் கடைக்காரர் காற்றடிக்கும்போது சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பது பழகிய அச்சத்தின் விளைவு.

உயரமும் பக்கவாட்டு விசையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பெங்களூரு அண்மையில் இருமுறை கண்டது. நகரின் தென்கிழக்கே ஹுஸ்கூர் மத்தூரம்மன் திருவிழாவுக்குச் சுற்றூர்களிலிருந்து இழுத்துவரப்படும் தேர்கள் நூறடிக்கு மேல் உயர்ந்தவை. 2024 ஏப்ரலில் ஒரு தேர் சாய்ந்து விழுந்தது. 2025 மார்ச்சில் மீண்டும் தேர்கள் சாய்ந்தன. இம்முறை உயிர்கள் போயின. அடித்தளத்தின் அகலத்தை மறந்து உயரத்தை மட்டும் ஆண்டுதோறும் கூட்டிச்செல்லும் போட்டியின் முன், எத்தனை கயிறும் எத்தனை கட்டையும் போதா. கன்னடத்தில் நெம்புகோலுக்கு ‘சன்னெகோலு’ என்று பெயர். அதைப் பிடிக்கத் தெரிந்த முதியோர் அவ்வூர்களிலும் இருக்கிறார்கள். எவ்வளவு உயரம் என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

தேரோட்டம் முடிந்து நிலைக்கு வந்த தேரைப் பல ஊர்களில் அப்படியே சக்கரத்தின்மேல் ஆண்டு முழுவதும் நிற்கவிடுவதில்லை. அடிச்சட்டத்தின் கீழே கல்லோ கட்டையோ கொடுத்துப் பாரத்தைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். மரச்சக்கரம் ஒரே இடத்தில் அமுங்கி வட்டம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆண்டில் பல மாதம் ஓடாமல் நிற்கும் கேரவனின் டயரும் அதே முறையில் ஓரிடத்தில் தட்டையாகும். அதற்கும் அச்சின் கீழே தாங்கிகளை நிறுத்திப் பாரத்தை இறக்கி வைப்பதே வழக்கம். தேர்முட்டியில் அதைச் செய்பவர் தேர்த்தச்சர். பெங்களூரின் வண்டிக் கொட்டகையில் அவரை மெக்கானிக் என்கிறார்கள்.